பெயர் மாறும்வரை விற்பனை முடிவதில்லை: மாற்றியமைத்த காரை இணையவழியில் விற்போருக்கு ஒரு பாடம்

சென்னையையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் இணைக்கும் கடலடி ஒளியிழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று பயன்பாட்டுக்கு வந்தது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த வடம் வருவதற்கு முன், தீவுகளின் இணையம் செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. ஒரு நிழற்படத்தை ஏற்றுவதற்கும் பொறுமை வேண்டியிருந்தது. இன்று, போர்ட் பிளேர் என நெடுங்காலம் அழைக்கப்பட்டு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்ற தலைநகரில் அமர்ந்தபடியே, சென்னையிலும் கொல்கத்தாவிலும் உள்ளவர்களிடம் காணொளி வழியாக ஒரு காரைக் காட்டி விலை பேச முடிகிறது. வடம் சந்தையை அருகில் கொண்டுவந்துவிட்டது. ஆனால் பதிவு அலுவலகமும், கப்பல் துறையும், வாங்குபவரின் வீடும் முன்பு இருந்த தொலைவிலேயே இருக்கின்றன. தனியார் விற்பனையில் எழும் சிக்கல்களில் பல இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

இக்கட்டுரை ஒரு குறிப்பிட்ட வகைக் காரைப் பற்றியது. ஜப்பானிய நிறுவனங்களின் வேகத்திறன் மிக்க கார்களுக்கு நம் நாட்டில் தனி ரசிகர் கூட்டம் உண்டு. 1998 முதல் திருவள்ளூர் ஆலையில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் தயாரித்த மிட்சுபிஷி லான்சர், 2000-களின் தொடக்கத்தில் வந்த ஹோண்டா சிட்டி விடெக், 2010-இல் இறக்குமதியாகி விற்பனைக்கு வந்த லான்சர் எவல்யூஷன், 2016 டிசம்பரில் அறிமுகமான நிசான் ஜிடி-ஆர் ஆகியவை அவ்வகையில் நன்கு அறியப்பட்டவை. இவற்றுள் விலை குறைந்தவற்றை வாங்கி, டர்போ பொருத்தி, எஞ்சினின் மின்னணுக் கட்டுப்பாட்டை மாற்றி எழுதி, சஸ்பென்ஷனைத் தாழ்த்தி, அகலமான சக்கரங்களும் வேறு சைலன்சரும் பூட்டி, பல இலட்சம் ரூபாய் செலவழிப்போர் உண்டு. பணிமாற்றம், குடும்பத் தேவை, வயது என ஏதேனும் ஒரு காரணத்தால் அக்காரை விற்கும் நாள் வருகிறது. அந்த நாளில் சாதாரணக் காரை விற்பவருக்கு இல்லாத சில பொறுப்புகள் இவருக்கு உள்ளன.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடலாம். பணம் வந்ததும் விற்பனை முடிவதில்லை. சாவியைக் கொடுத்ததும் முடிவதில்லை. பதிவேட்டில் உங்கள் பெயர் நீங்கி, வாங்கியவரின் பெயர் ஏறும் நாளில்தான் முடிகிறது. வேகத்துக்காகவே மாற்றியமைக்கப்பட்ட காரில் இந்த உண்மையை மறப்பவர் இழக்கக்கூடிய தொகை, அந்தக் காரின் விலையைவிடப் பெரிதாக இருக்கலாம்.

தீவின் சந்தை

தலைநகரிலிருந்து டிக்லிபூர்வரை செல்லும் அந்தமான் பெருவழிச் சாலையில், ஜிர்காடாங் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் வாகனங்கள் குறித்த நேரங்களில் அணிவகுத்தே செல்ல வேண்டும். ஜாரவா பழங்குடியினரின் காப்பகப் பகுதியில் முந்திச் செல்வதற்கும் நிறுத்துவதற்கும் அனுமதியில்லை. பாராடாங் அருகே நீரிணையை வாகனப் படகில் கடக்க வேண்டும். இத்தகைய சாலைகளில் வேகத்திறன் மிக்க காருக்கு வேலை குறைவு. ஆகவே தீவுக்குள்ளேயே வாங்குபவர் கிடைப்பது அரிது. வாங்க விரும்புவோரில் பெரும்பாலோர் பெருநிலப்பகுதியில் இருப்பார்கள்.

அவர்கள் காரின் விலையை மட்டும் கணக்கிடுவதில்லை. ஏறத்தாழ மூன்று நாள் கடற்பயணத்துக்கான சரக்குக் கட்டணம், பயணக் காப்பீடு, தம் மாநிலத்தில் மறுபதிவு செய்யும்போது கட்ட வேண்டிய சாலை வரி ஆகியவற்றையும் சேர்த்தே பார்ப்பார்கள். கடற்காற்றிலும் நீண்ட மழைக்காலத்திலும் இருந்த காரின் அடிப்பகுதி துருப்பிடித்திருக்குமோ என்ற ஐயமும் அவர்களுக்கு இருக்கும். இவை அனைத்தும் நீங்கள் கேட்கும் விலையிலிருந்து கழிக்கப்படும் என்பதை எதிர்பார்த்தே விலையை முடிவு செய்ய வேண்டும்.

மாற்றங்களைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது?

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றுக்கு மாறுபடும்படி வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பு இதை மேலும் தெளிவாக்கியது: தயாரிப்பாளரின் மூல வடிவமைப்புக்கு முரணாக வாகனத்தை மாற்ற முடியாது. அதே ஆண்டில் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம்வரை சிறைத் தண்டனையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இரைச்சல், புகை ஆகியவற்றின் வரம்பை மீறினால் மூன்று மாதம்வரை சிறையோ, 10,000 ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத் தனிப் பிரிவு உள்ளது.

எல்லா மாற்றமும் குற்றம் என்று இதற்குப் பொருளில்லை. இருக்கை உறையும் ஒலிபெருக்கியும் எவரையும் உறுத்துவதில்லை. காரின் நிறத்தை மாற்றினால் அதைப் பதிவு அலுவலகத்தில் தெரிவித்துச் சான்றிதழில் குறித்துக்கொள்ளலாம். எஞ்சினை மாற்றியிருந்தால் உரிய ஆவணங்களுடன் விண்ணப்பித்து, புதிய எஞ்சின் எண்ணைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் விட்டால், சான்றிதழில் ஓர் எண்ணும் காரில் வேறோர் எண்ணும் இருக்கும். அத்தகைய காரின் பெயர் மாற்றம் ஆய்வின்போதே நின்றுவிடும். திருட்டு வாகனமோ என்ற ஐயமும் எழும்.

ஜப்பானியக் கார்களுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. 2025 செப்டம்பரில் கொச்சி சுங்கத் துறை 'நும்கோர்' என்ற பெயரில் ஒரு நடவடிக்கையை மேற்கொண்டது. பூட்டான் வழியாக முறைகேடாகக் கொண்டுவரப்பட்டு, போலி ஆவணங்களால் இந்தியாவில் பதிவு செய்யப்பட்டவை என்ற ஐயத்தின்பேரில் பல கார்கள் பறிமுதல் செய்யப்பட்டன. அன்று முதல், இறக்குமதிக் கார் என்றால் சுங்கவரி செலுத்திய ஆவணத்தை வாங்குபவர் கேட்பது இயல்பாகிவிட்டது. உங்கள் கார் இறக்குமதியானது என்றால் அந்த ஆவணத்தையும், இந்தியாவில் தயாரானது என்றால் முதல் விற்பனைச் சீட்டையும் தேடி எடுத்து வைத்துக்கொண்ட பிறகே விளம்பரம் செய்யுங்கள்.

செலவு வேறு, மதிப்பு வேறு

காரின் மீது ஐந்து இலட்சம் செலவழித்தவர், அதன் விலையும் ஐந்து இலட்சம் உயர்ந்ததாக எண்ணுவது இயல்பு. சந்தை அப்படி எண்ணுவதில்லை. ஒரு கணக்கைப் பார்ப்போம். தொகைகள் விளக்கத்துக்காக மட்டுமே.

மாற்றம் எதுவும் செய்யப்படாத அதே வயதுள்ள கார் 3,50,000 ரூபாய்க்கு விலைபோகிறது என்று கொள்வோம். உரிமையாளர் டர்போவுக்கும் எஞ்சின் கட்டுப்பாட்டுக்கும் 2,80,000 ரூபாயும், சஸ்பென்ஷனுக்கு 90,000 ரூபாயும், சக்கரங்களுக்கும் டயர்களுக்கும் 80,000 ரூபாயும், இருக்கைகளுக்கும் சைலன்சருக்கும் 50,000 ரூபாயும் செலவழித்திருக்கிறார். மொத்தம் 5,00,000 ரூபாய். அவர் மனத்தில் உள்ள விலை 8,50,000 ரூபாய்.

முதல் வழி, காரை உள்ளபடியே விற்பது. இதை விரும்பும் ஆர்வலர்கள் சிலரே. பொதுவாக, பதிவுச் சான்றிதழோடு ஒத்துப்போகாத காருக்கு வங்கிகள் கடன் வழங்க முன்வருவதில்லை. எனவே முழுத் தொகையையும் கையில் வைத்திருப்பவர் மட்டுமே வாங்க முடியும். அவர் தரும் விலை 4,50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாம் வழி, காரை மூல நிலைக்குத் திருப்பி, கழற்றிய பாகங்களைத் தனியே விற்பது. பாகங்கள் செலவில் 40 விழுக்காட்டுக்கு விலைபோனால் 2,00,000 ரூபாய் கிடைக்கும். கழற்றி மாட்டும் கூலி 60,000 ரூபாய். அப்போது 3,50,000 கூட்டல் 2,00,000 கழித்தல் 60,000, ஆக 4,90,000 ரூபாய் கையில் நிற்கும். தொகையும் கூடுதல், சட்டச் சிக்கலும் நீங்குகிறது, கடன் பெற்று வாங்குவோரும் அணுகலாம்.

ஆனால் இந்தக் கணக்கு மூல பாகங்களைப் பத்திரமாக வைத்திருந்தவருக்கே பொருந்தும். அவற்றைத் தொலைத்தவர் பழைய பாகங்களைத் தேடி வாங்க 70,000 ரூபாய் செலவழித்தால், கையில் நிற்பது 4,20,000 ரூபாயாகக் குறையும். காரை மாற்றியமைக்கும் இளைஞர்களுக்குச் சொல்லக்கூடிய சிறந்த அறிவுரை இதுவே: கழற்றிய பாகத்தைத் தூக்கி எறியாதீர்கள், எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, ஈரம் படாமல் வையுங்கள்.

விலையை முடிவு செய்யக் காப்பீட்டுப் பத்திரமும் உதவும். அதில் உள்ள காப்பீட்டு மதிப்பு ஆண்டுதோறும் தேய்மானத்துக்கேற்பக் குறைகிறது. ஓராண்டு முதல் ஈராண்டுவரை வயதுள்ள காருக்கு 20 விழுக்காடும், நான்கு முதல் ஐந்தாண்டு வயதுள்ளதற்கு 50 விழுக்காடும் கழிப்பது வழக்கம். ஐந்தாண்டு கடந்த காருக்கு உரிமையாளரும் காப்பீட்டு நிறுவனமும் பேசி மதிப்பை முடிவு செய்வர். இது சந்தை விலை அல்ல. ஆயினும் பேச்சைத் தொடங்க ஒரு நடுநிலையான எண் கிடைக்கிறது.

கார் பதிவு செய்யப்பட்டு 15 ஆண்டுகள் நிறைந்திருந்தால் பதிவைப் புதுப்பித்த பிறகே விற்க முடியும். இலகுரக மோட்டார் வாகனத்தின் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டு கடந்தவற்றுக்குப் பின்னர் மேலும் உயர்த்தப்பட்டுள்ளது. முதல் தலைமுறை லான்சர், சிட்டி போன்றவற்றை வைத்திருப்போர் இதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மறைக்காமல் எழுதுங்கள்

விளம்பரத்தில் மாற்றங்களை ஒளிப்பது விற்பவருக்கே தீங்காக முடியும். குறையைத் தேடிக் கண்டுபிடிப்பது வாங்குபவரின் பொறுப்பு என்பது சரக்கு விற்பனைச் சட்டத்தின் பொதுவான கொள்கைதான். ஆனால் தெரிந்தே ஒரு குறையை மூடிமறைத்தால் அது ஒப்பந்தச் சட்டப்படி மோசடியாகும். வாங்கியவர் ஒப்பந்தத்தையே இரத்துச் செய்யக் கோரலாம்.

ஆகவே ஒரு பட்டியல் எழுதுங்கள். எந்தப் பாகம் மாற்றப்பட்டது, எப்போது, எந்தப் பணிமனையில், மூல பாகம் கையில் உள்ளதா, எது பதிவேட்டில் ஏற்றப்பட்டுள்ளது, எது ஏற்றப்படவில்லை என்பவற்றை வரிசையாகக் குறியுங்கள். துரு உள்ள இடங்களின் படங்களையும் சேருங்கள். இறுதியில் அப்பட்டியலின் ஒவ்வொரு பக்கத்திலும் வாங்குபவரின் கையொப்பத்தைப் பெறுங்கள். பின்னாளில் பேச்சு வேறுபட்டால் உங்கள் பக்கம் நிற்கும் ஆவணம் அதுதான்.

விளம்பரப் படத்தில் பதிவு எண்ணையும் அடிச்சட்ட எண்ணையும் மறைத்துவிடுவது நல்லது. பதிவுச் சான்றிதழின் முழுப் படத்தையோ ஆதார் அட்டையையோ அறிமுகமற்றவருக்கு அனுப்ப வேண்டாம். அவற்றை வைத்தே உங்கள் காரைத் தம் காரென்று கூறி மற்றொருவரை ஏமாற்றுவோர் உள்ளனர். காரை ஓட்டிப் பார்க்க வருபவரின் ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள், உடன் செல்லுங்கள்.

கடன் நிலுவை இருந்தால்

வங்கிக் கடனில் வாங்கிய காரின் பதிவுச் சான்றிதழில் வங்கிக்குச் சாதகமான அடமானக் குறிப்பு இருக்கும். கடன் முடிந்தாலும் அக்குறிப்பு தானாக நீங்குவதில்லை. வங்கியிடமிருந்து கடன் தீர்ந்ததற்கான சான்றும், வங்கி கையொப்பமிட்ட படிவம் 35-உம் பெற்று, பதிவு அலுவலகத்தில் அளித்து நீக்க வேண்டும். ஐந்தாண்டுக்கு முன் கடனை அடைத்துவிட்டுக் குறிப்பை நீக்காமல் இருப்போர் எங்கள் கிளைகளுக்கு அடிக்கடி வருகின்றனர். விற்பனை பேசி முடித்து, கப்பலில் இடமும் பிடித்த பிறகு இது தெரியவந்தால் வாங்குபவரின் நம்பிக்கை குலைந்துவிடும். விளம்பரத்துக்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

கடன் நிலுவையில் இருந்தால், வாங்குபவர் தரும் தொகையில் ஒரு பகுதியை நேராக உங்கள் கடன் கணக்கில் செலுத்தச் சொல்வதே முறை. நிலுவைத் தொகையைக் குறித்து வங்கி தரும் கடிதத்தை அவருக்குக் காட்டலாம். வங்கியின் ஒப்புதலின்றிக் காரைக் கைமாற்றுவது கடன் ஒப்பந்தத்தை மீறுவதாகும்.

பணம் பெறும் முறை

அந்தமானில் முப்படைகளின் கூட்டுத் தலைமையகம் 2001 முதல் இயங்குகிறது. பணிமாற்றம் பெற்றுச் செல்லும் படையினர் தம் வண்டிகளை விற்பதும், புதிதாக வருவோர் வாங்குவதும் இங்கு அன்றாட நிகழ்ச்சி. இந்த இயல்பான நம்பிக்கையை மோசடிக்காரர்கள் பயன்படுத்திக்கொள்கின்றனர். படை அதிகாரி என்று கூறி, சீருடைப் படத்தையும் அடையாள அட்டையையும் அனுப்பி, காரைப் பார்க்காமலேயே விலைக்கு ஒப்புக்கொள்வார். பின்பு ஒரு கியூஆர் குறியீட்டை அனுப்பி, "இதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள், பணம் வந்துவிடும்" என்பார். பணம் வராது, உங்கள் கணக்கிலிருந்து போகும். யு.பி.ஐ. வழியாகப் பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. இந்த ஒரு வரியை வீட்டில் உள்ள அனைவருக்கும் சொல்லி வையுங்கள்.

பெரிய தொகைக்கு உகந்தது வங்கிப் பரிமாற்றம். 2,00,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள தொகையை ஆர்.டி.ஜி.எஸ். வழியாக அனுப்பலாம். 2020 டிசம்பர் முதல் இவ்வசதி நாள் முழுதும் இயங்குகிறது. பணம் அனுப்புபவர், பெறுபவரின் கணக்குப் பெயரைச் சரிபார்க்கும் வசதியும் 2025 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தியை மட்டும் நம்பாதீர்கள். அதைப் போலியாகவும் அனுப்ப முடியும். கணக்கைத் திறந்து இருப்பைப் பாருங்கள். காசோலையைக் கணக்கில் செலுத்தியதும் பணம் வந்துவிட்டதாகக் கருதாதீர்கள். அது தீர்வாகும்வரை காத்திருங்கள். வரைவோலை தந்தால், அதை வழங்கிய வங்கிக் கிளையில் விசாரித்த பிறகே சாவியைக் கொடுங்கள்.

ரொக்கமாகப் பெறுவதற்கு வருமான வரிச் சட்டம் வரம்பு விதிக்கிறது. ஒரே நபரிடமிருந்து ஒரு பரிமாற்றத்துக்காக 2,00,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறக் கூடாது. பல நாள்களில் பிரித்துப் பெற்றாலும் ஒரே பரிமாற்றம் என்றே கருதப்படும். மீறினால், பெற்ற தொகைக்குச் சமமான தொகையைத் தண்டமாகச் செலுத்த நேரலாம். தண்டம் பெற்றவருக்குத்தான், தந்தவருக்கு அல்ல.

ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்கு முன் முடக்கினால்தான் மீட்க வாய்ப்புண்டு.

பெயர் மாற்றம்

சந்தையில் ஒரு பழக்கம் உண்டு. விற்பவர் படிவம் 29, 30 ஆகியவற்றில் தேதியும் வாங்குபவர் பெயரும் இல்லாமல் கையொப்பமிட்டுக் கொடுத்துவிடுவார். வாங்கியவர் தம் பெயருக்கு மாற்றாமல் வைத்திருந்து, விலை கிடைத்ததும் மற்றொருவருக்குக் கொடுப்பார். அவர் இன்னொருவருக்குக் கொடுப்பார். கார் பல கைகள் மாறும். பதிவேட்டில் பெயர் மாறாது.

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கு இத்தகையதே. பதிவு பெற்ற உரிமையாளர் தம் வாகனத்தை 2007-இல் விற்றுவிட்டார். அது மேலும் சில கைகள் மாறியது. 2009-இல் அவ்வாகனம் பின்னோக்கி வந்தபோது மோதி ஒரு பெண் காயமடைந்தார். ஒரு சிறுவன் உயிரிழந்தான். வாகனத்துக்குக் காப்பீடு இல்லை. தாம் விற்று இரண்டாண்டு ஆகிவிட்டதாக முதல் உரிமையாளர் கூறியதை நீதிமன்றம் ஏற்கவில்லை. சட்டத்தின் 2(30) பிரிவின்படி, எவர் பெயரில் வாகனம் பதிவாகியுள்ளதோ அவரே உரிமையாளர். இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. பாதிக்கப்பட்ட குடும்பம் கைமாறிய ஒவ்வொருவரையும் தேடி அலைய வேண்டியதில்லை என்பதே அதன் நியாயம்.

இதை மாற்றியமைத்த காருக்குப் பொருத்திப் பாருங்கள். அதை வாங்குபவர் வேகத்தை விரும்பியே வாங்குகிறார். தெரிவிக்கப்படாத மாற்றங்களைக் காரணம் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் எதிர்வாதம் செய்யக்கூடும். நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, அத்தொகையை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி ஆணையிடப்படுவதும் உண்டு. அந்த உரிமையாளர் யார்? பதிவேட்டில் உள்ளவர். அவர் ஸ்ரீ விஜயபுரத்தில் இருப்பார்; விபத்து எங்கோ ஒரு நெடுஞ்சாலையில் நடந்திருக்கும்.

சட்டத்தின் 50-ஆம் பிரிவு காலக்கெடுக்களைத் தெளிவாக வகுத்துள்ளது. கார் பதிவாகியுள்ள மாநிலத்துக்குள்ளேயே விற்றால், விற்பவர் 14 நாள்களுக்குள் படிவம் 29 வழியாகத் தெரிவிக்க வேண்டும். மாநிலம் விட்டுச் சென்றால் 45 நாள்கள். வாங்குபவர் 30 நாள்களுக்குள் படிவம் 30 வழியாக விண்ணப்பிக்க வேண்டும். படிவம் 29-ஐ இரண்டு படிகளாக அளிக்க வேண்டும். பெயர் மாற்றம் பதிவானதும் அலுவலகக் குறிப்புடன் ஒரு படி விற்பவருக்குத் திரும்ப வர வேண்டும் என்பது அப்படிவத்திலேயே எழுதப்பட்டுள்ளது. அதைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை.

வேறு மாநிலத்துக்குச் செல்லும் காருக்குப் படிவம் 28 வழியாகத் தடையின்மைச் சான்று பெற வேண்டும். தீவுகளிலிருந்து விற்போர் தவறாகப் புரிந்துகொள்வது இங்குதான். தடையின்மைச் சான்று பெயர் மாற்றம் ஆகாது. அது கார் வேறோர் அலுவலகத்துக்குச் செல்ல அனுமதி மட்டுமே. வாங்கியவர் தம் ஊரில் விண்ணப்பித்து, வரி கட்டி, பெயர் மாற்றும்வரை நீங்களே உரிமையாளர். முத்திரைத் தாளில் எழுதிச் சான்றுறுதி பெற்ற விற்பனை ஒப்பந்தமும் இந்த நிலையை மாற்றாது.

இதற்கு நடைமுறையில் ஒரு காப்பு உண்டு. விலையோடு, திருப்பித் தரத்தக்க ஒரு பிணைத்தொகையையும் வாங்குபவரிடம் பெறுங்கள். பெயர் மாற்றம் முடிந்த நாளில் அதைத் திருப்பி அனுப்புவதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். நேர்மையான வாங்குபவர் தயங்கமாட்டார். தயங்குபவரின் நோக்கம் முன்கூட்டியே தெரிந்துவிடும். பரிவாகன் தளத்தில் பதிவு எண்ணைக் கொடுத்து, வாரம் ஒருமுறை நிலையைப் பார்த்து வாருங்கள்.

இந்த அலைச்சல் வேண்டாம் என்போர், பதிவு அலுவலகத்தின் அங்கீகாரம் பெற்ற பழைய வாகன விற்பனையாளரை நாடலாம். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, வாகனத்தைப் பெற்றுக்கொண்டதை அவர் பதிவு அலுவலகத்துக்கு முறைப்படி அறிவித்தால், தம் வசம் உள்ள காலத்துக்கான பொறுப்பை அவரே ஏற்கிறார். விலை சற்றுக் குறையும். இரவில் உறக்கம் வரும்.

காப்பீடும் வரியும்

பெயர் மாறும்போது மூன்றாம் தரப்புக் காப்பீடு வாங்கியவருக்கு மாறியதாகச் சட்டம் கருதுகிறது. அவர் 14 நாள்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். சொந்தச் சேதத்துக்கான பாதுகாப்பு அவ்வாறு தானாக மாறுவதில்லை. இழப்பீடு கோராததற்கான தள்ளுபடி உங்களுடையது, காருடையது அல்ல. அதற்கான சான்றைப் பெற்று வைத்தால் மூன்றாண்டுகளுக்குள் வாங்கும் அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம். ஃபாஸ்டாக் ஒட்டுவில்லை உங்கள் வங்கிக் கணக்கோடு இணைந்திருந்தால், காரைக் கொடுக்கும் முன் முடித்துவிடுங்கள். இல்லையெனில் பெருநிலப்பகுதியின் சுங்கச் சாவடிகளில் உங்கள் பணம் கழியும்.

தனிப்பட்ட பயன்பாட்டுக்கான கார், வருமான வரியில் மூலதனச் சொத்து என்ற வரையறைக்குள் வராது. எனவே விற்பனையில் இலாபம் வந்தாலும் மூலதன ஆதாய வரி இல்லை. நட்டத்தையும் கணக்கில் காட்ட முடியாது. ஜி.எஸ்.டி. பதிவு பெறாத தனிநபர் தம் பழைய காரை விற்பதற்கு அவ்வரியும் இல்லை. தொழிற்கணக்கில் தேய்மானம் கோரிய காருக்கு இவை பொருந்தா. அவ்வாறானவர்கள் தம் கணக்காயரைக் கேட்க வேண்டும்.

செய்ய வேண்டியவை, வரிசைப்படி

1. மூல நிலைக்குத் திருப்புவதா, உள்ளபடி விற்பதா என்பதைக் கணக்கிட்டு முடிவு செய்யுங்கள்.
2. எஞ்சின் எண், அடிச்சட்ட எண், நிறம் ஆகியவை சான்றிதழோடு ஒத்திருக்கின்றனவா எனப் பாருங்கள்.
3. அடமானக் குறிப்பை நீக்குங்கள். நிலுவை அபராதங்களைக் கட்டுங்கள். காப்பீடும் புகைச் சான்றும் நடப்பில் இருக்கட்டும்.
4. மாற்றங்களின் பட்டியலோடு விளம்பரம் செய்யுங்கள்.
5. முன்பணம், மீதித்தொகை, பிணைத்தொகை, கப்பல் கட்டணம், வழிச்சேதத்தின் பொறுப்பு ஆகியவற்றை ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.
6. வாங்குபவரின் பெயரும் முகவரியும் தேதியும் நிரப்பிய படிவங்களில் மட்டும் கையொப்பமிடுங்கள்.
7. முழுத் தொகை கணக்கில் சேர்ந்த பிறகு காரை ஒப்படையுங்கள். நாள், மணி, ஓடிய தூரம் குறித்த ஒப்படைப்புச் சீட்டில் இருவரும் கையொப்பமிடுங்கள்.
8. தடையின்மைச் சான்று, சரக்குச் சீட்டு, படிவங்கள் ஆகியவற்றின் நகல்களைச் சேர்த்து வையுங்கள்.
9. பதிவேட்டில் பெயர் மாறியதைப் பார்த்த பிறகு பிணைத்தொகையைத் திருப்பி அனுப்புங்கள்.

ஒன்பதாவது படியைத்தான் பலர் விட்டுவிடுகின்றனர். கார் ஹாடோ துறையிலிருந்து கப்பலேறிச் சென்றதும் அது கண்ணிலிருந்தும் கருத்திலிருந்தும் மறைந்துவிடுகிறது. பதிவேடு அப்படி மறப்பதில்லை. விற்ற காரின் எண்ணைப் பரிவாகன் தளத்தில் இன்றே ஒருமுறை தேடிப் பாருங்கள். உங்கள் பெயர் இன்னும் அங்கே இருந்தால், உங்கள் விற்பனை இன்னும் முடியவில்லை.